சூட்டுக்குறி

பலமனேர் சந்தைமேட்டில்
என் வேலை எண்ணுவது.
ஜெனரலின் பேர் விட்கோம்.
வண்டிக்காரர் வாயில் ஒருநாள் கிடந்து
அது வெட்டுக்கம்பு ஆயிற்று.

கத்திமலைப் பாளையக்காரன் கிஸ்தி கட்டவில்லை.
அதற்கு அறுநூறு சிப்பாய், இரண்டு பீரங்கி,
துரை குளிக்க ஒரு துத்தநாகத் தொட்டி.
இத்தனையும் இழுக்க
ஊரூராய்ப் பிடித்த நூற்றெண்பத்தாறு மாடு.
ஒவ்வொன்றின் வலத்தொடையிலும் காய்ச்சிய இரும்பு.
மயிர் கருகிய வாடை
மூன்று நாள் என் அங்கவஸ்திரத்தில் இருந்தது.
சோற்றிலும் இருந்தது.

முனெங்கடு ஓட்டிவந்தது ஒரு ஜோடி.
ஒன்று மயிலை. மற்றது செவலை, கொம்பு மழுங்கல்.
"எர்ரெத்து எடம பக்கே நடுஸ்துந்தி, சாமீ."
செவலை இடப்பக்கம்தான் நடக்குமாம்.
அதை எழுதப் பத்தி இல்லை.

மொகிலி கணவாயில் ஐப்பசி மழை.
சக்கரம் அச்சுவரை சேற்றில்.
ஒரு பீரங்கிக்கு இருபத்துநாலு மாடு பூட்டினால்
மேலே ஒரு முழம்,
கீழே அரை முழம்.
துரை குதிரைமேல் இருந்தபடி
கடிகாரத்தைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
வால்களை முறுக்கினார்கள். கடித்தார்கள்.
செவலையை வலப்பக்கம் பூட்டியிருந்தார்கள்.

பதினோராம் நாள் கோட்டை.
கதவு திறந்தே கிடந்தது.
உரலில் பாதி குத்திய கேழ்வரகு,
மதில்மேல் யாருடையதோ ஒரு சேவல்.
இவ்வளவு தூரம் வந்ததற்கு
ஏதாவது செய்தாக வேண்டுமே:
நாற்பத்தொரு குண்டு.
எதிரொலி மட்டும் திருப்பிச் சுட்டது.

மதராசுக்குப் போன கடிதத்தின் தமிழ் நகல் நான் எழுதியது.
"கடும் எதிர்ப்பை முறியடித்து" என்று வரும் இடத்தில்
மை கொஞ்சம் ஊறியிருக்கும்.
மற்றபடி என் கையெழுத்து அழகு என்பார்கள்.

செத்த மாடு அறுபத்துமூன்று.
தலைக்கு ஒன்பது ரூபாய் என்று உத்தரவு;
அத்தாட்சி, சூட்டுக்குறி தெரியும் தோல்.
உழுதவன் உரிக்கமாட்டான்.
உரிக்க வந்தவன் கேட்டது முக்கால் ரூபாய்.
மழையில் ஏறியவர்கள்
வெயிலில் இறங்கி வந்தார்கள், தோளில் தோலோடு.
என் மேசையில் ஈ.
நான் குச்சியால் புரட்டி, குறியைப் பார்த்து,
பேரை வாசித்து, காசை எண்ணினேன்.

முனெங்கடு கையில்
மூக்கணாங்கயிறு மட்டும்.
"தோல் எங்கே?"
"புதைச்சிட்டேன்."
"குறி இல்லாமல் பணம் கிடையாதே."
"குறியோடதான் புதைச்சேன், சாமீ."

அவன் வாதாடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.
வாதாடியிருந்தால் அதட்டியிருக்கலாம்.
மயிலையை அவிழ்த்துக்கொண்டு
குப்பம் போகும் சாலையில் இறங்கினான்.
அது வலத்தடத்திலேயே நடந்தது,
பக்கத்தில் ஒரு மாட்டளவு இடம் விட்டு.
எதிரே வந்த வண்டிகூட
அந்த இடத்துக்கு ஒதுங்கிப் போனது.

மீந்த ஒன்பது ரூபாயை
அன்றைக்கே கஜானாவில் கட்டினேன்.
ரசீது இருக்கிறது.