ஏழாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

நான் படித்தது விலங்கியல்.
தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
செல்லூர் மாநகராட்சிப் பள்ளியில்
அறிவியல் என்றால் ஒரே புத்தகம், ஒரே டீச்சர்.
திங்கள் விசை, செவ்வாய் அமிலம்,
புதன் வேர்த்தூவி,
வியாழன் முழுக்க எமிஸ் பதிவு.

வேதிப்பொருள் அலமாரிக்குப் பூட்டு உண்டு.
சாவி தலைமையாசிரியரிடம்,
தலைமையாசிரியர் மீட்டிங்கில்.
மெடிக்கலில் புண் கழுவுகிற பெராக்சைடு
ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டேன்.
சத்துணவுக் கூடத்து ஒச்சம்மாளிடம்
ஒரே ஒரு உருளைக்கிழங்கு கேட்டதற்கு,
"முட்டை மாதிரி இதுக்கும் கணக்கு எழுதணுமா டீச்சர்?"
என்று சிரித்தார்.

கிழங்குத் துண்டு விழுந்ததும்
டம்ளரில் நுரை ஏறியது.
கங்கு மட்டும் மிச்சமிருந்த ஊதுபத்தியை உள்ளே இறக்க
படக்கென்று பிடித்தது தீ.
நாற்பத்தாறு வாய்க்கும் சேர்த்து ஒரே ஒரு "ஏய்!"
பக்கத்து வகுப்பின் சமூக அறிவியல்
ஜன்னலில் வந்து முளைத்தது.

கிழங்குக்குள் இருக்கிற நொதி
உயிரியலா, வேதியியலா?
பாடக்குறிப்பேட்டில் எந்த அலகில் எழுதுவது என்று
நான் யோசித்துக்கொண்டிருக்கையில்
எழுந்தாள் அழகுதர்ஷினி.

"இலை விடுறதும் இதுவும் ஒரே ஆக்சிஜனா மிஸ்?"
ஒன்றுதான்.
"கேஸ் கட்டிங்ல வர்றது?"
அதுவும்.
"பெரியாஸ்பத்திரியில மூக்குல வைக்கிறது?"
அதேதான், கொஞ்சம் சுத்தமாக, என்றேன்.

"தெரியும் மிஸ்."

அவள் மூன்றாம் வகுப்பைப் போனிலேயே முடித்த வருஷம்.
தத்தனேரிப் பக்கம் புகை அடங்காத மே மாதம்.
அவள் அப்பா வேலை பார்த்த பட்டறையின்
கறுப்பு சிலிண்டர்களை லாரியில் ஏற்றினார்கள்,
தோள்பட்டையில் மட்டும் வெள்ளை பெயிண்ட் அடித்து.
இரும்பு அறுக்க வாயு இல்லை.
மூன்று மாதம் ரேஷன் அரிசி,
நாலாவது மாதம் கம்மல்.

"எதிர்வீட்டு ஜமால் மாமா பொழைச்சது
எங்க சிலிண்டர்லதான்னு அம்மா சொல்லும் மிஸ்.
அதுல என்ன பேரா எழுதியிருக்குன்னு
அப்பா திட்டும்."

யாரும் சிரிக்கவில்லை.
நுரை அமுங்கிப்போயிருந்தது.
'எரிதலுக்குத் துணைபுரியும்' என்று பலகையில் எழுதி
மீதியை நான் எழுதவேயில்லை.
'சுவாசத்துக்கும்' என்பது அறுபது பக்கம் தள்ளி
வேறொரு பாடத்தில் இருக்கிறது,
அடுத்த பருவத்தில்.
மணி அடித்ததும்
தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.
ஊதுபத்தி வாசத்தின் மேல் சாம்பார் வாசம்.

பருவத் தேர்வில்
கோடிட்ட இடத்தை நிரப்புக, மூன்றாவது.
புத்தகத்தில் 'சி' போட்டு ஆக்சிஜன்.
அவள் 'ஸி' போட்டிருந்தாள்,
பட்டறைச் சுவரில் எழுதியிருக்குமே, அப்படி.
சிவப்புப் பேனா அந்த எழுத்தின் மேல்
கொஞ்ச நேரம் நின்றது.

ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு
நாலாவது கேள்விக்குப் போனேன்.