பதினொரு யூனிட்

பனி இறங்கிய பிறகு
இந்தப் பீடபூமியில் வீடு வீடாக நடப்பவர்கள் மூன்று பேர்தான்:
ஓநாய்,
ஊசி போடும் லாமாரா,
மீட்டர் பார்க்கும் நான்.
நாய்கள் மூவரையும் ஒரே குரலில்தான் வரவேற்கும்.

ஹய்கானுஷ் வீட்டில் இருநூற்றுப் பத்து.
"வாஷிங் மெஷினைத் தொடவே இல்லையே" என்றாள்.
அவள் தலைக்குப் பின்னால் கொடியில்
விறைத்துப்போன சட்டைகள்
ஆள் நிற்பதுபோல் நின்றன.
ஐந்தும் ஆண் சட்டை.
மார்ச்சில் ரஷ்யாவுக்குத் தார் போடப் போனவன்
நவம்பரில் வர வேண்டும்.
நவம்பரில் பணம் மட்டும் வந்தது.
நான் கேட்கவில்லை. இருநூற்றுப் பத்து என்று எழுதினேன்.

பெகானின் வீடு பெகானுடையது அல்ல.
மலை சரிந்து ஊரை மூடியபோது
ஸ்வானெத்தியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிய குடும்பம்.
பேரன் இங்கே பிறந்து இங்கே பல் முளைத்தும்
"வந்தவங்க" என்றுதான் பெயர்.
பத்திரம் இன்னும் கிரியாக் பேரில்;
கிரியாக் கிரீஸில், ஏதோ துறைமுகத்தில் காவல்காரன்.
"கிரியாக் மூணு மாசம் பாக்கி வெச்சிருக்கான்" என்பேன்.
"அயோக்கியப் பயல்" என்பான் பெகான்,
சொல்லிக்கொண்டே பர்ஸைத் தேடுவான்.
பத்தொன்பது வருடமாக இதே வசனம்.
இந்த முறை பர்ஸைத் தேடவில்லை.
அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாசிப்ரோலாவின் நிலவறையில் ஒரு ஹீட்டர்.
எட்டு டன் உருளைக்கிழங்கு உறையக் கூடாது.
மேலே பிள்ளைகளுக்குச் சாண வறட்டி.
"பிள்ளைங்க ஓடினா சூடாகும்,
கிழங்கு ஓடுமா?"
அஜாராவில் அவள் ஊரில் தேயிலையும் மழையும்தானாம்.
இங்கே அவளுக்கு முதலில் வாய்த்த தோழி வறட்டிதான் என்பாள்.
வாங்குகிறவன் இன்னும் வரவில்லை.
அவன் சொன்ன விலைக்குச் சாக்குகூடத் தேறாது.

தெல்மான் ஆடுகளோடு கீழே போய்விட்டான்.
மகள் குனெல்
வைக்கோல் போரின் உச்சியில் நின்று
போனைக் கையுயர்த்திப் பிடித்திருந்தாள்.
அங்கேதான் இரண்டு கோடு சிக்னல் வரும்,
அங்கேதான் பள்ளிக்கூடம்.
"அக்கா, பின்னத்தை எப்படி வகுக்கிறது?"
தலைகீழாக்கிப் பெருக்கு என்று
பனியிலிருந்து கத்தினேன்.
மூக்கில் நீர் உறைந்திருந்தது.

கடைசி வீடு பார்ஃபெனா.
துருக்கியில் திட்டி, கிரேக்கத்தில் சிலுவை போடுகிறவள்.
அக்டோபரில் மகனிடம் போனாள்.
பூட்டு துருப்பிடித்திருந்தது, வாசலில் ஒரு காலடி இல்லை.
மீட்டரைத் துடைத்தேன்.
பதினொன்று ஓடியிருந்தது.

திருட்டு என்றால் மனு எழுத வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும்.
பின்பக்கம் போனேன், இடுப்பளவு பனியில்.
கம்பி எங்கும் போகவில்லை.
தாழ்வாரத்தில் ஒரே ஒரு பல்பு,
ஜாம் பாட்டிலைக் கவிழ்த்து மூடியது,
பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது.

வஸ்கெனுக்குத்தான் போன் செய்தேன்,
பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.
"தொட்டுடாதே" என்றான்.
"ரோடு வளையிற இடம் அதுதான்.
அப்புறம் பள்ளம்.
போகும்போது அந்தம்மா போட்டுவிட்டுப் போச்சு.
யாருக்கும் சொல்லலை போல."

என் படிவத்தில் இரண்டு கட்டம்:
ஆள் உண்டு. ஆள் இல்லை.
இல்லை என்று குறித்தால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.
உண்டு என்று குறித்தால்
எத்தனை பேர் என்று அடுத்த கட்டம் கேட்கும்.

பேனா உறைந்துவிட்டது.
முனையை வாயில் வைத்து ஊதிக்கொண்டு
தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்தேன்.
நாலு மணிக்கே இருட்டு.
முதலில் சத்தம் வந்தது, பிறகு வண்டியின் மஞ்சள் சுழல்விளக்கு.
வளைவுக்கு முன்னால் வேகம் குறைந்தது,
திரும்பியது,
ஹய்கானுஷ் வீட்டுப் பக்கம் போனது.

உண்டு என்று குறித்தேன்.
எத்தனை பேர் என்ற இடத்தில்
எழுதி, அடித்து, எழுதி
காகிதம் கிழிந்துவிட்டது.