தொண்ணூறு

அல்சூர் சிக்னலில் சிவப்பு
தொண்ணூறிலிருந்து எண்ணத் தொடங்குகிறது.
இடப்பக்கம் எம்ஆர்பி கடை.
அங்கே தொண்ணூறு என்றால் வேறு கணக்கு:
உள்ளங்கையில் அடங்கும் அட்டைப் பெட்டி,
பல்லால் கிழித்தால் திறக்கும் மூலை.

எழுபத்தெட்டு.
வந்துவிட்டது.
முதலில் நாக்கின் அடியில் ஊறுகிறது,
பிறகு தாடை இறுகுகிறது,
பிறகு என்னைக் கேட்காமலே
இடது இண்டிகேட்டரைப் போடுகிறது கட்டைவிரல்.

"அடக்காதீங்க. உடம்புல எங்க இருக்குன்னு
பாருங்க, போதும்" என்றார் கவுன்சலர் பியூலா.
அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது.
பதினாறு வருஷமாய் லிஃப்ட் பழுது பார்ப்பவனிடம்
மூச்சைப் பார் என்றால்?

பார்க்கிறேன்.
ஹெல்மெட் கண்ணாடியில் படர்ந்து கலைகிறது மூச்சு,
மதியம் தின்ற வெங்காய வாசனையோடு.
ஆசை நெஞ்சுக்குழியில் இருக்கிறது,
எலுமிச்சம்பழம் அளவுக்கு.
இல்லை, தோள்பட்டைக்கு வந்துவிட்டது.
இல்லை.
தேடத் தேட இடம் மாற்றுகிறது,
வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி.

ஐம்பத்தொன்று.
கடைக்குள்ளிருந்து தேவராஜ் பார்த்துவிட்டான்.
இருபத்துமூன்று நாளாய் வராதவனுக்குக்
கையை உயர்த்துகிறான், உண்மையான பாசத்தோடு.
நானும் உயர்த்துகிறேன். கை நடுங்குகிறது.
நடுக்கம் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.
சொன்னதும் நின்றுவிடும் என்று
யாரும் சொல்லவில்லை. நிற்கவுமில்லை.

முப்பத்தாறு.
வீட்டில் செண்பகம் கதவைத் திறந்து
முத்தமிடுவது போல் முகத்தருகே வருவாள்.
வருவது மூக்கு மட்டும்தான்.

ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே
மாட்டிக்கொண்டவர்கள் கதவைக் குத்துவார்கள்.
கீழே நின்று நான் கத்துவேன்:
கயிறு அறாதும்மா,
காத்து வருது, கதவைப் பிளக்காதீங்க,
அப்படியே நில்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்.
எத்தனையோ பேருக்குச் சொன்னதை
இன்றைக்குத்தான்
ஒருவன் காது கொடுத்துக் கேட்கிறான்.

பன்னிரண்டு. பின்னால் அத்தனை ஹாரனும்
இப்போதே பச்சை விழுந்த மாதிரி.
இண்டிகேட்டர் இன்னும் டிக் டிக்கென்று துடிக்கிறது.
அதையும் கொஞ்சம் பார்க்கிறேன்.
அணைக்கிறேன்.

பச்சை.
ஆசை இறங்கிப் போகவில்லை;
பின்சீட்டில் ஏறிக்கொண்டு வருகிறது,
ஹெல்மெட் இல்லாமல்.
அடுத்தது டிரினிட்டி சர்க்கிள்.
அங்கே எண் காட்டும் பலகை பழுது.
சிவப்பு எவ்வளவு நேரம் என்று
யாருக்கும் தெரியாது.