பார்

ஐஸ் பிளாண்டில் எனக்குப் பார் என்றால்
ஐம்பது கிலோ.
ஈரத் தரையில் சறுக்கி வரும், எழுதிக்கொள்வேன்.
படகுக்காரருக்குப் பார் என்றால்
கடலுக்குள் ஒளிந்திருக்கும் பாறை,
வலையைக் கிழிப்பது,
மீனை வைத்திருப்பதும் அதுவே.
தம்பி கிளாட்வினுக்குப் பார் என்றால் எழுபத்திரண்டு.
நாளெல்லாம் நடந்து நடந்து அடித்து
அதற்குக் கீழே வரவேண்டும்.
கீழே போனால்தான் பட்டியலில் மேலே.

முதலாளி சீனி ராவுத்தருக்கு இதை விளங்கவைக்க
ஒரு தடைக்காலம் முழுக்க ஆயிற்று.
“மைனஸ் நல்லதா?
நல்லா விசாரிச்சியாம்மா?”

பிப்ரவரியில் தொடக்கம்.
அகமதாபாத்தில் இரண்டாம் நாளே வெளியே.
ஜெய்ப்பூரிலும்.
சண்டிகரில் ஒரே அடியில் வெளியே:
மூன்றடித் தூரப் பந்து
குழியின் உதட்டைச் சுற்றி
உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியதாம்.
அதைச் சொல்லும்போது குரல் சாதாரணமாய்த்தான் இருந்தது.
முன்பதிவில்லாப் பெட்டியில்
மட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு
இரண்டு இரவு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெட்டு.
கோட்டுக்குள் வந்தால் சனி உண்டு, ஞாயிறு உண்டு,
காசு உண்டு.
வராவிட்டால் கட்டிய பணம் போக
நிமாய்க்குச் சம்பளமும் பாக்கி.
(நிமாய், பை தூக்கும் கொல்கத்தாக்காரன்.
அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் ‘காத்து’.)

எங்களுக்கும் வெள்ளி அப்படித்தான்.
சனிக்கிழமைப் படகுகள் டோக்கன் வாங்கி
ஐஸ் எடுக்க வரிசை கட்டும்.
ஒரு கையில் பேனா,
மறு கையில் பெயர்கள் நகரும் ஃபோன்.
கோட்டுக்கு மேலே கிளாட்வின்,
கோட்டுக்குக் கீழே கிளாட்வின்,
வலை மிதப்பு மாதிரி.
ஒருமுறை இருபது பார் எழுதவேண்டிய இடத்தில்
மைனஸ் இரண்டு எழுதிவிட்டேன்.
ராவுத்தர் அதை அடிக்கவில்லை.
“கிடக்கட்டும், வெள்ளிக்கிழமைல எழுதுனது.”

ஏப்ரல் பாதியில் படகுகள் கட்டிக் கிடக்கும்.
டூரும் நிற்கும்.
தங்கச்சிமடம் கரையில்
எண்பது பழைய பந்துகளோடு நிற்பான்.
“பந்தை அடிக்கக் கூடாதுக்கா.
பந்துக்குப் பின்னால இருக்குற மண்ண அடிக்கணும்.
மண்ணு தூக்கிவிடும்.”
கச்சான் எதிர்க்கும்.
பந்து வளைந்து வளைந்து
பாதியில் மனசை மாற்றிக்கொள்ளும்.
பொறுக்கித் தரும் பையன்களுக்குப் பந்துக்கு ஒரு ரூபாய்.
மாலையில் எண்ணினால் எழுபத்தொன்பது,
எழுபத்தெட்டு.

ஆகஸ்டில் மறுபடி.
கொல்கத்தாவில் முப்பத்தெட்டாம் இடம்.
வந்த காசில் நிமாய்க்கு ஷூ.

நவம்பரில் கொழும்பு.
அவன் மதுரை போய் விமானம் ஏறி
நான் பார்க்கும் தண்ணீருக்கு
அந்தப் பக்கம் இறங்கினான்.
ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும்
பஸ் ஏறி அரிச்சல்முனை போனேன்.
பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கட்டும் என்று.
ஃபோன் தானாகவே நாடு மாறியது:
‘இலங்கைக்கு நல்வரவு.’
பதினேழு குழி முடிந்து மைனஸ் ஒன்பது.
நான்காம் இடம்.
கடைசிக் குழிக்கு முன்னால் ஒரு குளம்.
இரண்டு நாட்டு டவருக்கும் நடுவில்
ஒன்பது உறைந்து நின்றது.
வாடை துப்பட்டாவைப் பிடுங்கியது.
சுண்டல்காரரிடம் நேரம் கேட்டேன்,
தேவையில்லாமல்.

இரவு கூப்பிட்டான்.
“தண்ணில போட்டுட்டேன்க்கா.
பதினொண்ணாவது.”
காத்தா?
“காத்த நிமாய் சரியாத்தான் சொன்னான்.”
கொஞ்சநேரம் இருவரும் பேசவில்லை.
பின்னால் யாரோ தட்டுக் கழுவும் சத்தம்.

புதன்கிழமை விடியலில்
படகுப் பையன் ஒருவன் மேசையில் ஒன்றை வைத்தான்,
இறாலோடு வலையில் வந்ததென்று.
சிப்பி ஒட்டிய பந்து.
மசியில் அவன் போடும் ‘கி’,
பாதி அழிந்து.

கையில் பேனா இருந்ததால்
அதை ஐஸ் பார் மேல் வைத்தேன்.
உருளவில்லை.
தன் கீழேயே ஒரு குழி செய்துகொண்டு
மெல்ல இறங்கத் தொடங்கியது.
ராவுத்தர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
“கீழ போவுதே,
நல்லதுதானே?”

அடுத்த படகு.
பதினாறு பார். பாக்கி.