வரவேண்டியது நாலு

போனஸ் கவரைப் பிரிக்காமல் கொண்டுபோனேன்.
கோயமுத்தூர், ராஜ வீதிக்குப் பின்சந்து,
கேமராவும் கைக்கடிகாரமும் ரிப்பேர் பார்க்கிற கடை.
சட்டையில் ரெனிட்டா என்று பேர் குத்திய பெண் கேட்டாள்:
"எதைப் பாக்கறதுக்குங்க்கா? கிரிக்கெட்டா, யானையா?"
வானத்தை, என்றேன்.
அவள் ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்த்தாள்.
பிறகு இருப்பதையெல்லாம் எடுத்து வைத்தாள்.

முதலில் வந்தது சிவப்புக் கண்ணாடி,
தக்காளிச் சாறு ஊற்றின மாதிரி.
பகல் வெளிச்சத்தையே திருப்பி அனுப்புகிற கண்ணாடி
ராத்திரியில் எனக்கு எதைத் தரும்?

அடுத்தது முப்பது மடங்கு, திருகினால் நூறு.
வாசலில் நின்று எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன்.
தொட்டி ஆடியது.
ஆடியது என் நாடி.
காலையில் குடித்த இரண்டு டம்ளர் காப்பியும் அதில் தெரிந்தது.

மூன்றாவதில் ஒரு காக்காய்
இரண்டு காக்காயாய் உட்கார்ந்திருந்தது.
"போகப் போகக் கண்ணு பழகிருங்க."
பழகிவிடும். அதுதான் பயம்.
பதினேழு வருஷமாய் செக்கிங் டேபிளில் நிற்கிறேன்,
பழகின கண்ணுக்குத் தையல் விட்டது தெரியாது.

கம்பெனி வேனில் போகவர, போனில்,
மூன்று மாசம் படித்தது ஞாபகம் வந்தது.
பெரிய வாயை வெளிச்சத்துக்குக் காட்டி
கண் வைக்கும் பக்கத்தை எட்டப் பிடித்தேன்.
குழாய்க்கு ஒரு வெள்ளை வட்டம் மிதக்கும்,
ஓரம் வெட்டுப்படாமல் இருக்கணும்.
ரெனிட்டாவும் எட்டிப் பார்த்தாள்.
நாலு வருஷமாய் விற்கிறாளாம், இதைப் பார்த்ததில்லையாம்.
மீதியை அவளே ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பார்த்தாள்.
"இது சதுரங்க்கா."
"இது தேஞ்சுபோச்சுங்க்கா."

மிஞ்சியது மூன்று.

ஏழுக்கு ஐம்பது:
ஏழு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிச்சம் தரும்.
எனக்கு நாற்பத்தொன்பது வயசு.
எத்தனை இருட்டிலும் என் கண்மணி
ஐந்துக்கு மேல் விரியாது. மிச்சம் வீண்.
இருபது வயசில் விரிந்திருக்கும்.
அப்போது எனக்கு நைட் ஷிப்ட்.

பத்துக்கு ஐம்பது:
தூக்கிப் பிடித்து எண்ணினேன்.
இருபத்தெட்டில் தோள் இறங்கிவிட்டது.

எட்டுக்கு நாற்பத்திரண்டைக் கழுத்தில் மாட்டி
கடைக்குள் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நடந்தேன்.
விலை பேசக் குனிந்தபோது மேஜையில் இடித்தது.
அது கழுத்தில் இருந்ததே மறந்திருந்தேன்.
இதையே கட்டிக் கொடு, என்றேன்.

"இந்தக் காசுக்கு ஒரு கெடாக்குட்டி வந்திருக்கும்"
என்றார் நாச்சிமுத்து.
சாயங்காலம் அதே கண்ணாடியில்
கொறங்காட்டுக் கிளுவை வேலிக்கு அப்பால்
எவன் ஆடு மேய்கிறது என்று
அரை மணி நேரம் பார்த்தார்.

நோம்பி முடிந்து பதினோரு ராத்திரி
குண்டடத்துக்கு மேலே மேகம்.
காற்றாலை உச்சியின் சிவப்பு விளக்கைப் பார்த்து
திருகக் கற்றுக்கொண்டேன்.
வலது கண்ணுக்குத் தனித் திருகு உண்டு.
இடதைவிட வலது மங்கல் என்று
அப்போதுதான் தெரிந்தது.
டேபிளில் டியூப்லைட் இருக்கிற பக்கம்.

பன்னிரண்டாம் ராத்திரி ஓவர்டைம்.
வேன் இறக்கிவிட்டபோது மணி இரண்டரை.
வடக்கே திருப்பூர் வெளிச்சம்
விடிந்துவிட்டதென்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது.
தெற்கே ஒரு பொட்டு மேகம் இல்லை.
பல் துலக்கவில்லை, சேலை மாற்றவில்லை,
பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு
முழங்கை இரண்டையும் கைப்பிடியில் ஊன்றி
மூச்சைப் பாதியில் நிறுத்தினேன்.

வியாழன்.
பக்கத்தில், ஒரே நூல் பிடித்தாற்போல், புள்ளிகள்.
எண்ணினேன். மூன்று.
கண்ணைத் துடைத்து மறுபடி எண்ணினேன். மூன்று.
நாலு என்று படித்திருந்தேன்.
ஒன்று பின்னால் போயிருக்கலாம்,
முன்னால் வந்து அந்த வெளிச்சத்திலேயே தொலைந்திருக்கலாம்.

கைப்பையில் செக்கிங் நோட்டு இருந்தது.
தேதி போட்டேன். நேரம் போட்டேன்.
வரவேண்டியது நாலு. வந்தது மூணு.
ரிஜெக்ட் என்கிற கட்டத்தில்
பேனா வைத்து, எடுத்துவிட்டேன்.

நாளைக்கும் ஓவர்டைம் கேட்கணும்.