மேற்கல்

மாகோன் மேட்டில்
வெளிச்சத்துக்கு முன்பே கல் எழுந்துவிடும்.
பதினோரு வீடு, பதினோரு அரைகல்,
இருட்டுக்குள் கரகரவென்று
ஒன்றை ஒன்று விசாரித்துக்கொள்ளும்.
எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் விருந்து,
எந்த வீட்டில் சண்டை முடிந்து சமாதானம்,
எல்லாம் படுக்கையிலேயே தெரிந்துவிடும் எனக்கு.

எல்தாத் கிணறு தூர்வாரப் போய்
மண் சரிந்து உள்ளேயே தங்கிவிட்ட வருஷம்
அபித்தாள் என் கணவனிடம்
இரண்டு மரக்கால் வாற்கோதுமை கடன் வாங்கினாள்.
மழை வரவில்லை. கடன் மட்டும் வளர்ந்தது.
சோகாம் போய் அவள் மேற்கல்லைத் தூக்கி வந்தான்.
பாசானிலிருந்து கழுதைமேல் வந்த கருங்கல்,
பிடித்துப் பிடித்து இருபுறமும் கை பதிந்த கல்.
அதை ஈடாக எடுக்கக் கூடாதென்று
ஆடு மேய்க்கும் பையனுக்கும் தெரியும்.
மூப்பர்களுக்கும் தெரியும்.
அவர்கள் ஊர்வாசலில் உட்கார்ந்து
கழுதை விலையைப் பற்றிப் பேசினார்கள்.

மறுநாள் பத்துக் கல் பேசின.
பதினோராவது வீட்டில் வேறொரு சத்தம்.
சுவரில் காதை வைத்தேன்.
வெறும் உள்ளங்கை
அடிக்கல்லின் பள்ளத்தில்
முன்னும் பின்னும், முன்னும் பின்னும்.
கல்லில்லை. தானியமில்லை.
அரைத்துக்கொண்டிருந்தாள்.

சித்தம் கலங்கிவிட்டது என்றார்கள் கிணற்றடியில்.
நானும் தலையாட்டினேன்,
என் குடம் நிரம்பும் வரை.

சில இரவு அவள் ஜெபம் சுவர் தாண்டி வரும்.
ஜெபமா அது? வழக்கு.
"மண் சரிந்ததை நீர் பார்த்தீர்.
கல் என் வாசலைத் தாண்டியதை நீர் பார்த்தீர்.
கண்டவன் வாய் திறக்காவிட்டால்
குற்றம் அவன் தலைமேல் என்றவரும் நீரே.
சரி, விடியட்டும். இங்கேதான் இருப்பேன்."
விளக்கில் எண்ணெயில்லாத வீட்டிலிருந்து
அவ்வளவு திடமான குரல்.

மழை திரும்பியது. மூன்று அறுப்பு முடிந்தது.
அவள் பொறுக்கிய கதிரை ஊறவைத்தே தின்றாள்.
அவள் கல்லில் நான் அரைத்த அப்பத்தைச்
சோகாம் ருசித்துத் தின்றான்.
எனக்கு மட்டும் பல்லில் மணல் நெறிபட்டது.
ஒருநாள் மாவு சலிக்கையில்
கண்டவன் வாய் திறக்காவிட்டால் என்று
என்னையறியாமல் முணுமுணுத்தேன்.
கண்டவள்?
சல்லடை கையில் நின்றுவிட்டது.

அவன் மயிர்கத்தரிப்புக்குக் கர்மேல் போயிருந்தான்.
குழவியை இடுப்பில் ஏற்றினேன்.
பிள்ளை பிறக்காத எனக்கு
இடுப்பில் சுமக்கக் கிடைத்த முதல் குழவி.
பட்டப்பகலில், தெரு நடுவே,
மூப்பர் பேச்சு பாதியில் அறுந்து தொங்க நடந்தேன்.

அபித்தாள் நன்றி சொல்லவில்லை.
அதை எதிர்பார்த்துத்தான் வந்தேன் என்பது
அப்போதுதான் எனக்கே தெரிந்தது.
கல்லைப் புரட்டித் தடவிப் பார்த்தாள்.
"வழுவழுத்துப் போச்சு" என்றாள்.
உண்மைதான். அரைத்தோமே தவிர
ஒருமுறையும் கொத்தவில்லை.
கொத்துவது எல்தாத்தின் வேலை,
வருஷந்தோறும், முதல் மழைக்கு முன்.

மாடக்குழியிலிருந்து அவன் உளியை எடுத்தாள்.
"பிடி" என்றாள்.
பிடித்தேன்.
முதல் அடி என் கட்டைவிரல்மேல்.
அடுத்தது கல்மேல்.
சில்லு பறந்து அவள் கன்னத்தைக் கீறியது.
புதைக்க உடல் கிடைக்காத நாளிலும் அழாதவள்
அப்போது அழுதாள், கை ஓயாமல்,
கொத்திக்கொண்டே.
புள்ளிகள் கோணல் கோணலாய் விழுந்தன.
அவன் கொத்தினால் வரிசை பிசகாது.

திரும்பி வந்த சோகாம் என்ன சொன்னான் என்பது
என் முதுகுக்குத் தெரியும். அது இருக்கட்டும்.

மறுநாள் இருட்டில் கண்விழித்துக் கிடந்தேன்.
எண்ணினேன். பத்து.
நெடுநேரம் பத்து.
பிறகு, புதிதாய் எழுந்து நிற்கும் கன்றின் கால்போல்
தடுமாறி, நின்று, மறுபடி தொடங்கி,
பதினொன்று.

நண்பகலில் ஓர் அப்பம் வந்தது என் வாசலுக்கு.
புதுக்கொத்து அல்லவா,
கல்துகள் நிறைய இருந்தது.
ஒன்றைக்கூடத் துப்பவில்லை.