நாலு வட்டம்

சிலாவத்தைக் கரையில் கழற்றிய காற்றுமானிப் பெட்டி
மேசைக்கு வந்தது.
ஆணி நாலும் நேற்று வாங்கினதுபோல் மினுங்கின.
ஆணியைச் சுற்றி அலுமினியம்
அவித்த மா மாதிரி உதிர்ந்தது.

"ஆணிக்கு ஒண்டுமில்லை" என்றாள் எமில்டா.
அதுதான் பிழை.
ஈர உப்பு நடுவில் நின்றால்
துருவேறாத ஆணி பக்கத்திலிருப்பதைத்தான் கரைக்கும்.

சங்கத்துக் கொப்பியில் குறிப்பு இருந்தது:
*கார்த்திகை பதினொன்று. காற்று எவ்வளவெண்டு சொல்லேல்லை.
சும்மா கரகரக்குது.*
பெட்டிக்கும் மூடிக்கும் பேச்சு அறுந்த நாள்
அதுவாக இருக்கவேண்டும்.

பன்னிரண்டு புதுப்பெட்டிக்கு ஓடர்.
ரத்மலானையிலிருந்து மாதிரித் தகடுகள்
சொப்பிங் பையில் வந்தன.
கறுப்பு அனோடைஸை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்
பொருளாளர் சவிரிமுத்து.
நகம் கீறாது, உப்பு ஏறாது,
நானும் ஆசைப்பட்டேன்.
மீற்றரின் இரண்டு முனையையும் ஊன்றினேன்.
சத்தமில்லை.
இன்னொரு இடம். சத்தமில்லை.
மெல்லிய பீங்கான் அது.
உப்பை மறித்த கையோடு மின்னையும் மறிக்கிறது.

ஒன்றும் பூசாததை அரத்தால் தேய்த்தேன்.
வெள்ளிக்கிழமை கூவியது.
செவ்வாய்க்கிழமை யோசித்துக் கூவியது.
அரத்தைக் கீழே வைக்க முன்னமே
வெட்டுமுகத்தை மூடிக்கொள்கிற உலோகம்,
யாரும் கேளாமல், தன்பாட்டில்.

மஞ்சள் குரோமேற்,
மழைத்தண்ணியில் மண்ணெண்ணெய் விழுந்த நிறம்.
உப்பும் தாங்கும், மீற்றரும் கூவும்.
விலையும் கட்டும்.
எமில்டா ஃபோனை வாங்கிக் கேட்டாள்:
"கழுவுற தண்ணி எங்க போகும்?"
"அது எங்கட பக்கமெல்லோ, மிஸ், உங்களுக்கென்ன?"
"உங்கட பக்கமும் கிணறு இருக்கும்தானே?"
மறுமுனையில் கொஞ்ச நேரம்
வாகன இரைச்சல் மட்டும்.
பரந்தனில் பழைய இரசாயனத் தொழிற்சாலைக்கு எதிரே
தினமும் பஸ் ஏறுகிறவள் அவள்.
ஆறுவலுக் குரோமியத்தை அவளுக்கு
நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மிஞ்சியது மூவலு. நிறமில்லை.
பூசினதா இல்லையா என்று
பூசினவனுக்கே சந்தேகம் வரும்.
சவிரிமுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"காசை வாங்கிப்போட்டு
வெறுந்தகடு தாறியள் பிள்ளையள்."

கடைசியில் இரண்டையும் எடுத்தோம்.
வெளியே அவருக்குக் கறுப்பு.
உள்ளே ஆணி அமரும் நாலு வட்டத்தில்
ரேப் ஒட்டிக் கறுப்பை மறித்து,
ரேப்பை உரித்தபின் நிறமில்லாதது.
வெள்ளீயம் பூசின வாசர், மேலே கிறீஸ்.
படத்தில் மூன்று மொழியிலும் எழுதினேன்:
இந்த வட்டத்தில் ஒன்றும் வேண்டாம்.

மூன்றாம் கிழமை பெட்டிகள் வந்தன.
வட்டங்களும் கறுப்பு.
யாரோ ஒரு பொடியன்
ரேப்பை அழுக்கென்று நினைத்து
தொட்டியில் இறக்க முன் உரித்துவிட்டானாம்.
நல்ல மனம். திட்டவும் முடியவில்லை.

அன்றிரவு ஜெனரேற்றர் வெளிச்சத்தில்
ஆளுக்கொரு சுரண்டி.
பன்னிரண்டு பெட்டி, நாற்பத்தெட்டு வட்டம்.
பீங்கான் இலேசில் விட்டுக்கொடுக்காது.
வெள்ளை தெரிந்த உடனே
மருந்துப் பேனையால் ஒரு சுற்று,
அலுமினியம் சுதாரிக்க முன்.
எமில்டாவுக்குப் பெருவிரல் கிழிந்தது.
எனக்குக் கழுத்துப் பிடித்தது.
முப்பத்தொன்றாவது கூவவில்லை,
திரும்பவும் சுரண்டினோம்.
விடிய நாலரைக்குக் கடைசி வட்டம்
நீளமாய்க் கூவியது.

"மூடு" என்றாள்.
"இனி ஒருத்தருக்கும் தெரியாது."

சவிரிமுத்து வந்து கறுப்பு மூடியைத் தடவினார்.
"இதெல்லோ சாமான்!"
பில்லில் கையெழுத்து வைத்தார்.
எங்கள் பிரதியின் பின்பக்கத்தில்
பென்சிலால் எழுதி வைத்தேன்:
வாடை அடங்கினதும், தையில்,
சிலாவத்தைப் பெட்டியைத் திறந்து பார்க்க வேணும்.